குறிஞ்சி ஆண்டவர் சொல்லித் தரும் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு!

கொடைக்கானல் என்றதும் சட்டென்று உங்கள் நினைவுக்கு வருவது எது? ஏரி, படகு சவாரி, தூண் பாறை, ஹோம்மேட் சாக்லேட்... இப்படித்தானே பட்டியல் நீளும்?

அந்த ஏரியிலிருந்து சுமார் 3 கி.மீ. தொலைவில் கோயில் கொண்டிருக்கிறார் குறிஞ்சி ஆண்டவர். சுற்றுலா வருபவர்கள் பலருக்கும், 'நேரமிருந்தால் பார்க்கலாம்' என்ற கணக்கில் கடைசியாக இடம்பெறும் கோயில் இது. ஆனால், 'நான் ஒன்று நினைத்தேன்... வாழ்க்கை என்னை வேறு எங்கோ கொண்டுவந்து விட்டுவிட்டதே!' என்று ஒருமுறையாவது பெருமூச்சு விட்டவர்கள், முதலில் போய் நிற்க வேண்டிய சந்நிதி இதுதான். ஏன் என்கிறீர்களா?

பூத்ததும் விடைபெறும் செடி

நிலத்தை ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயரைச் சூட்டினார்கள் நம் முன்னோர். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. அந்த நிலத்துக்குத் தெய்வம், தொல்காப்பியர் 'சேயோன்' என்று சொல்லும் நம் முருகப்பெருமான். ஆக, குறிஞ்சி ஆண்டவர் என்பது ஊருக்காக வைத்த பெயர் மட்டுமல்ல. சங்க காலம் தொட்டே அவருக்கு உரிமையான பெயர்.

குறிஞ்சிகளில் பல வகை உண்டு. அவற்றுள் மலைச்சரிவுகளை நீலமாக்கும் நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் பூக்கும். 1994, 2006, 2018 என்று பூத்தது. அடுத்த முறை 2030-ல்! பழநி மலைத்தொடரில் வாழும் பளியர் பழங்குடி மக்கள், குறிஞ்சி பூத்த கணக்கை வைத்தே தங்கள் வயதைச் சொல்வது வழக்கம் என்பார்கள்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. நீலக்குறிஞ்சிச் செடி தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பூக்கும். பூத்து, விதை தந்ததும் காய்ந்துவிடும். அடுத்த முறை மலையை நீலமாக்குவது, அது விட்டுச் சென்ற விதையிலிருந்து முளைத்த செடிகள். தன் விதை எங்கே விழுந்தது, எப்படி முளைத்தது என்பதெல்லாம் தாய்ச்செடிக்குத் தெரியாது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோயிலின் கதைக்கு இதுதான் திறவுகோல்.

பழநியில் தங்கிவிட்ட இருவர்

வானம் தெளிவாக இருக்கும் நாளில், குறிஞ்சி ஆண்டவர் கோயிலிலிருந்து பார்த்தால் கீழே சமவெளியில் பழநி மலை தெரியும். அந்த மலையின் கதையே, எதிர்பாராத திருப்பத்தில் தொடங்கிய கதைதானே!

ஞானப்பழத்துக்காக உலகைச் சுற்றி வரச் சொன்னார்கள். முருகன் சுற்றி வந்தார். சொன்னதைச் சொன்னபடி செய்தார். ஆனாலும் பழம் அண்ணனுக்குப் போய்விட்டது. 'எல்லாவற்றையும் ஒழுங்காகத்தானே செய்தேன்... எனக்கு ஏன் இப்படி?' என்று நாம் கேட்கிறோம் அல்லவா? அந்தக் கேள்வியோடு பழநி மலையில் வந்து நின்றவர் சாட்சாத் முருகனே! கோபித்துக்கொண்டு வந்த இடம், கோடானுகோடி பேருக்குக் குலதெய்வத்தின் வீடாகிவிட்டது.

இன்னொருவர் இடும்பன். அகத்தியரின் ஆணைப்படி சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளைக் காவடியாகக் கட்டித் தூக்கிக்கொண்டு பொதிகைக்குப் புறப்பட்டவர். களைப்பாறுவதற்காகத் திருஆவினன்குடி அருகே சுமையை இறக்கினார். மீண்டும் தூக்க முயன்றபோது மலை அசையவில்லை. மேலே கோவணத்துடன் ஒரு சிறுவன் நின்றான். அவனோடு போரிட்டு இடும்பன் வீழ்ந்தார். அவர் மனைவி இடும்பி கண்ணீரோடு வேண்ட, அகத்தியரும் வந்து வேண்ட, முருகன் அருளால் உயிர்பெற்று எழுந்தார்.

அதற்குப் பிறகு அவர் என்ன கேட்டார் தெரியுமா? 'சுமையைப் பொதிகைக்குக் கொண்டுபோக வரம் கொடு' என்று கேட்கவில்லை. 'உன் வாசலில் காவலாக இருக்க வேண்டும். என்னைப் போல் காவடி சுமந்து வருபவர்களுக்கு நீ அருள வேண்டும்' என்றார். அவர் புறப்பட்ட வேலை பாதியில் நின்றது. ஆனால், நின்ற இடத்தில் வேறொரு வேலை தொடங்கியது. இன்றும் பழநிக்குக் காவடி எடுப்பவர்கள் இடும்பனை வணங்காமல் மேலே செல்வதில்லை.

'இதெல்லாம் புராணம், நம்மைப் போன்ற மனிதர்களுக்கு?' என்று கேட்கத் தோன்றுகிறதா? மீண்டும் கொடைக்கானலுக்கே வருவோம்.

ஹாரிசன், லீலாவதி ஆன கதை

குறிஞ்சி ஆண்டவர் கோயிலைக் கட்டியவர், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒரு பெண்மணி! 'ஐரோப்பியப் பெண்' என்று சுற்றுலாக் கையேடுகள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும். அவருடைய இயற்பெயர் ஆர்.எல்.ஹாரிசன்.

இலங்கையின் புகழ்பெற்ற தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் ராமநாதன். 1851-ல் கொழும்பில் பிறந்தவர். சட்ட மேதை, ஆங்கிலேயர் ஆட்சியில் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்தவர். அதே சமயம் பழுத்த சைவர். தஞ்சாவூரைச் சேர்ந்த அருள்பரானந்த சுவாமிகளைக் குருவாகக் கொண்டவர். ஸ்ரீ பரானந்தா என்ற பெயரில் இவர் எழுதிய விளக்க நூல்கள் எவற்றைப் பற்றியவை தெரியுமா? பைபிளைப் பற்றியவை! இயேசுநாதரின் வாக்குகளுக்கு, ஒரு சைவ ஞானியின் பார்வையில் விளக்கம்.

மத்தேயு சுவிசேஷத்துக்கான விளக்கம் 1898-ல் லண்டனில் வெளியானது. 'ஹாரிசனுக்கு விளக்கிச் சொல்லப்பட்டது' என்று அந்த நூலின் முகப்பிலேயே இருக்கிறது. 1902-ல் வெளிவந்த யோவான் சுவிசேஷ விளக்கத்தைப் பதிப்பித்தவரும் ஹாரிசன்தான். 1905-06-ல் ராமநாதன் அமெரிக்கா சென்று சொற்பொழிவுகள் ஆற்றினார். அந்தப் பயணத்தையும் ஹாரிசன் ஒரு புத்தகமாக்கினார்.

தன் வேதத்துக்கு ஆழமான பொருள் தேடிச் சென்ற அந்த மாணவி, பிறகு இந்து சமயத்தை ஏற்றார். லீலாவதி என்ற பெயரும் பெற்றார். முதல் மனைவியை இழந்திருந்த ராமநாதனை மணந்துகொண்டு, 'லேடி ராமநாதன்' ஆனார். பைபிளைப் படிக்க உட்கார்ந்த நாளில், 'நீ ஒரு நாள் முருகனுக்குக் கோயில் கட்டுவாய்' என்று யாராவது சொல்லியிருந்தால், அவரே சிரித்திருக்க மாட்டாரா?

கணவரின் பணிகள் ஒன்றா, இரண்டா! தந்தையார் கொழும்பில் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயிலை 1907-ல் தொடங்கி 1912-க்குள் முழுக்கக் கருங்கல் திருப்பணியாக மாற்றினார். 1913-ல் யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் தமிழ்ப் பெண் பிள்ளைகளுக்காக ராமநாதன் கல்லூரி. 1921-ல் திருநெல்வேலியில் (இது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி) ஆண் பிள்ளைகளுக்குப் பரமேஸ்வரா கல்லூரி.

1930 நவம்பரில் ராமநாதன் மறைந்தார்.

மஞ்சள் குங்குமம் இழந்த பின்...

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்போம். அது எப்படிப்பட்ட காலம்? கணவரை இழந்த பெண் என்றால் சுபகாரியங்களில் பின்வாசலில் நிற்க வேண்டும். எதிரே வந்தால் சகுனத்தடை. லீலாவதிக்குப் பிறந்த நாடும் இதுவல்ல. பிறந்த மதமும் இதுவல்ல. தன்னை இந்த மண்ணோடு பிணைத்த மனிதர் போய்விட்டார். 'இனி எனக்கு இங்கே என்ன இருக்கிறது?' என்று அவர் கப்பலேறியிருந்தால், யாரும் குறை சொல்லியிருக்கப் போவதில்லை.

ஆனால் 1936-ம் ஆண்டு, கொடைக்கானல் மலையில் முருகனுக்குக் கோயில் எழுந்தது. பின்னர் அந்தக் கோயில், பழநி அருள்மிகு தண்டாயுதபாணி சுவாமி தேவஸ்தானத்தின் வசம் ஒப்படைக்கப்பட்டது. இன்று வரை அந்த நிர்வாகத்தின் கீழ்தான் பூஜைகள் நடக்கின்றன.

'மாங்கல்யம் நிலைக்க வேண்டும்' என்று வேண்டிக்கொண்டு எத்தனையோ சுமங்கலிகள் இன்று அந்தச் சந்நிதியில் கை கூப்புகிறார்கள். அந்தச் சந்நிதியை அமைத்தது, கணவரை இழந்த ஒரு பெண்மணியின் கைகள்! கணவரை இழந்த அம்மாவையோ அத்தையையோ கல்யாண மேடையிலிருந்து தள்ளி உட்கார வைக்கும் வழக்கம் இன்னும் நம்மில் சில வீடுகளில் இருக்கிறதே... குறிஞ்சி ஆண்டவரைக் கும்பிட்டுத் திரும்பும்போது, அதையும் சற்று யோசிக்கலாம் அல்லவா?

'எல்லாம் நன்மைக்கே'... சொல்லலாமா?

துக்கம் விசாரிக்கப் போகும் இடத்தில் நாம் சட்டென்று சொல்லிவிடும் வார்த்தை, 'எல்லாம் நன்மைக்கேம்மா!' என்பது. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் 1930-ல் லீலாவதியிடம் அப்படிச் சொல்லியிருந்தால், அது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்குமா? இழப்பு இழப்புதான். பின்னால் ஒரு கோயில் எழுந்தது என்பதற்காக, முன்னால் வந்த துயரம் நல்லதாகிவிடாது. கையில் வேல் தந்தாலும், முருகனுக்குப் பழம் கிடைக்கவில்லை என்பது உண்மைதானே?

அப்படியானால் இந்த மலை நமக்குச் சொல்வது என்ன? திருப்பம் நம்மைக் கேட்டு வருவதில்லை. அது கொண்டுவந்து விட்ட இடத்தில் என்ன விதைக்கிறோம் என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. பழநியில் முருகன் நின்றார். இடும்பன் காவலைக் கேட்டு வாங்கினார். லீலாவதி ஒரு சந்நிதியை விதைத்தார்.

விதைத்தவருக்கும் முழு விளைச்சல் தெரியாது என்பதற்கு, அவர் கணவரின் கல்லூரியே சாட்சி. 1921-ல் பள்ளிப் பிள்ளைகளுக்காக அவர் தொடங்கிய பரமேஸ்வரா கல்லூரி இருந்த இடத்தில்தான், 1974-ல் பல்கலைக்கழக வளாகம் அமைந்தது. அதுவே இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். அவர் மறைந்து 44 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த திருப்பம் இது. குறிஞ்சிச் செடியின் கதைதான், இல்லையா?

நம் வீட்டுக் குறிஞ்சிக் கணக்கு

ஒரு சஷ்டி நாளன்று மாலை, விளக்கேற்றிய பின் பூஜையறையில் பத்து நிமிடம் உட்காருங்கள். ஒரு நோட்டில் மூன்று வருடங்களை எழுதுங்கள்: 1994, 2006, 2018. ஒவ்வொன்றுக்கும் நேரே மூன்று வரிகள் போதும்.

முதல் வரி: அந்த வருடம் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? பிறந்த வீட்டிலா, புகுந்த வீட்டிலா, எந்த ஊரில்?

இரண்டாவது வரி: அப்போது உங்கள் தூக்கத்தைக் கெடுத்த கவலை எது? முருகனிடம் என்ன வேண்டிக்கொண்டீர்கள்?

மூன்றாவது வரி: அதன்பின் வந்த திருப்பத்தில் நீங்கள் விதைத்தது என்ன?

முதல் இரண்டு வரிகள் எளிதாக வந்துவிடும். மூன்றாவதுக்குத்தான் பேனா நிற்கும். 'நான் என்ன பெரிதாகச் செய்துவிட்டேன்? வீட்டைத்தானே பார்த்துக்கொண்டேன்!' என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். குழந்தைக்காக வேலையை விட்ட பின், தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் சொல்லிக் கொடுத்த கணக்குப் பாடம்... கணவருக்கு மாற்றலாகிப் போன ஊரில், தனியாக இருந்த பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு நீங்கள் கொடுத்த ரசம் சாதம்... படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாருக்குச் செய்த பணிவிடை... இவையெல்லாம் விதை இல்லாமல் வேறென்ன? அவை எங்கே முளைத்திருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். அதனால் இல்லையென்று ஆகிவிடாது.

ஏதாவது ஒரு வருடத்துக்கு நேரே மூன்றாவது வரி காலியாகவே இருந்தாலும் பரவாயில்லை. இடும்பனும் சுமையை இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் களைப்பாறியவர்தானே!

கடைசியாக, 2030 என்று எழுதி, அதற்கு எதிரே இடத்தைக் காலியாக விட்டு, மேலே ஒரு 'சரவணபவ' மட்டும் எழுதி வையுங்கள். குறிஞ்சி பூக்கும்போது அந்த நோட்டை எடுத்துப் பார்க்கலாம்.

தரிசிக்கச் செல்பவர்களுக்கு...

* கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரத்தில் உள்ளது. பழநியிலிருந்து மலைப்பாதையில் சுமார் 64 கி.மீ.; பஸ் வசதி உண்டு. ரயிலில் வருபவர்கள் கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து சுமார் 80 கி.மீ. மலையேற வேண்டும்.

* ஏரியிலிருந்து கோயிலுக்கு ஆட்டோ, டாக்ஸியில் போகலாம். பழநி மலை தெரிய வேண்டுமானால், மேகம் சூழும் முன் காலையிலேயே போய்விடுவது நல்லது.

* வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் முறை கொண்டுவரப்பட்டது. புறப்படும் முன் அப்போதைய விதிமுறையை விசாரித்துக்கொள்ளுங்கள்.

* பழநியையும் சேர்த்துத் தரிசிப்பவர்கள், அடிவாரத்தில் திருஆவினன்குடியில் குழந்தை வேலாயுதரை வணங்கி, மலையேறும் வழியில் இடும்பனையும் வணங்கி, பிறகு தண்டாயுதபாணியைத் தரிசிப்பது முறை.

குறிஞ்சி ஆண்டவர் திருவடி போற்றி!