கருணையும் கணக்கும்

எலும்பு முறிந்து மருத்துவரை நாடிய ஒருவனுக்கு, அது கூடிவிட்டதா என்பது சில கிழமைகளில் தெரிந்துவிடும். காய்ச்சலால் வருந்திய குழந்தைக்கு அது தணிந்ததா என்பதை ஓரிரு நாளில் அறியலாம். உள்ளத்து நோய்க்கு அளிக்கும் மருத்துவமோ அத்தகையதன்று. அதிலும், இளமையில் அளிக்கப்பெறும் மருத்துவத்தின் முழுப் பயனை அறிவது மிக அரிது. அச்சத்தாலும் துயரத்தாலும் வாடிய சிறுவன் ஒருவன் மருத்துவம் பெற்று, முகம் மலர்ந்து வீடு திரும்புகிறான். மருத்துவர் தம் ஏட்டில் ‘நலம்’ என்று எழுதி முடிக்கிறார். அவன் வளர்ந்து, தொழில் தேடி, இல்லறம் ஏற்று, வாழ்வின் இடர்களை எதிர்கொள்ளும் காலத்திலும் அந்நலம் நிலைத்து நின்றதா? அவ்வேடு இதற்கு விடை கூறுவதில்லை.

உளநோய்களுள் பெரும்பாலானவை இருபத்தைந்து வயதிற்குள்ளேயே தலைகாட்டத் தொடங்குகின்றன. ஆதலின், இளையோர்க்குச் செய்யும் உதவியே வாழ்நாள் முழுவதற்கும் செய்யும் உதவியாகும் என்று கருதுவது இயல்பே. ஆயினும், அக்கருத்து உண்மையா என்பதை ஆராய்ந்தே தெளிதல் வேண்டும். மருத்துவம் பெற்ற இளையோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து சென்று, அவர்தம் வாழ்வு எவ்வாறு அமைந்தது எனக் கண்டறியும் முயற்சிக்கு நெடுங்கால ஆய்வு என்று பெயர். பொறுமையும் நேர்மையும் ஒருங்கே வேண்டும் அருந்தொழில் இது.

அமெரிக்க நாட்டில் செயின்ட் லூயிஸ் என்னும் நகரம் உள்ளது. அங்கே 1920க்கும் 1930க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், உளமருத்துவ நிலையம் ஒன்றுக்குச் சிறுவர் பலர் அழைத்துவரப்பட்டனர். சிலர் பள்ளிக்குச் செல்லாமல் திரிந்தவர், சிலர் திருடியவர், சிலர் வீட்டைவிட்டு ஓடியவர், வேறு சிலர் அஞ்சி ஒடுங்கியவர். அவர்களைப் பற்றிய குறிப்புகள் நிலையத்தின் ஏடுகளில் எழுதி வைக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்றபின், லீ ராபின்ஸ் என்னும் அம்மையார் அவ்வேடுகளைக் கொண்டு ஓர் ஆய்வைத் தொடங்கினார். மருத்துவம் நாடிவந்த 524 பேரையும், அவர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதே சுற்றுப்புறத்தில் வாழ்ந்த பள்ளிச் சிறுவர் 100 பேரையும் அவர் தேடலானார்.

சிறுவராக இருந்தோர் அதற்குள் நடுவயதை எட்டியிருந்தனர். பலர் ஊர் மாறியிருந்தனர். பெண்களுள் பலர் திருமணத்தால் பெயர் மாறியிருந்தனர். எனினும், ராபின்ஸ் அம்மையாரும் அவருடைய துணைவரும் சோர்வடையவில்லை. காவல்துறை ஏடுகளையும், மருத்துவமனை ஏடுகளையும், படைத்துறை ஏடுகளையும் புரட்டினர். உற்றார் உறவினரைக் கண்டு உசாவினர். அதன் பயனாகப் பத்தில் ஒன்பது பேர் இருக்குமிடம் தெரியவந்தது. ஆய்வின் முடிவுகளை 1966ஆம் ஆண்டில் அம்மையார் நூலாக வெளியிட்டார்.

அந்நூல் கூறிய செய்திகள் பலரை வியப்பில் ஆழ்த்தின. நாணமும் அச்சமும் மிகுந்திருந்த சிறுவர்களைக் குறித்தே அக்காலத்தில் பலரும் பெரிதும் கவலை கொண்டிருந்தனர். அவர்களோ, வளர்ந்தபின் ஏனைய மக்களைப் போலவே பெரும்பாலும் வாழ்ந்தனர். திருட்டும் முரட்டுத்தனமும் மிகுந்திருந்த சிறுவர்களே பிற்காலத்தில் சிறையையும் குடியையும் குடும்பப் பிரிவையும் மிகுதியாகக் கண்டனர். ஆயினும், தீய வழியில் சென்ற சிறுவர் அனைவரும் தீயோராகவே வளர்ந்தனர் என்று எண்ணலாகாது. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் அவ்வாறு ஆகவில்லை. சிறுவன் ஒருவனின் இன்றைய குற்றத்தைக் கண்டு, ‘இவன் உருப்படமாட்டான்’ என்று முடிவு கட்டுவோர்க்கு இவ்வுண்மை ஒரு நல்ல விடையாகும்.

செயின்ட் லூயிஸ் ஆய்வு, சிறுவர் பின்னர் என்ன ஆயினர் என்பதைக் காட்டியது. அவர்களுக்குச் செய்த உதவியால் விளைந்த பயன் யாது என்பது மற்றொரு வினா. இதற்கு விடை காண வழிவகுத்தவர் ரிச்சர்டு கிளார்க் காபட் என்னும் மருத்துவர். ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியரான இவர், நோயாளியின் வீட்டு நிலையையும் அறிந்து உதவவேண்டும் என்னும் கொள்கையுடையவர். 1905ஆம் ஆண்டிலேயே பாஸ்டன் நகரப் பெருமருத்துவமனையில் சமூகப் பணியாளரை அமர்த்தியவர். அன்புடைய நண்பர் ஒருவர் துணைநின்றால், தீயவழியில் செல்லக்கூடிய சிறுவனும் நல்வழிப்படுவான் என்று அவர் நம்பினார். நம்பியதோடு அமையாமல், அந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கவும் துணிந்தார். இதுவே அவருடைய பெருமை.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ், சாமர்வில் ஆகிய இரு நகரங்களில் 1939ஆம் ஆண்டில் இப்பணி தொடங்கிற்று. வயதாலும் குணத்தாலும் குடும்ப நிலையாலும் ஒத்த சிறுவர்களை இருவர் இருவராக இணைத்தனர். ஒவ்வோர் இணையிலும் உதவி பெறுபவன் யார் என்பதை நாணயத்தைச் சுண்டி முடிவு செய்தனர். ஒருவனுக்கு உதவி கிட்டியது. அவனை ஒத்த மற்றவன் தன் போக்கில் விடப்பட்டான். பின்னாளில் இருவரையும் ஒப்பிட்டால், உதவியின் பயன் தெளிவாகும் அன்றோ?

காபட் அதே ஆண்டில் மறைந்தார். எனினும் பணி தொடர்ந்து நடந்தது. போர்க்காலத்தில் பணியாளர் குறைந்தமையால் சிறுவர் தொகையும் குறைக்கப்பட்டது. இறுதியில் 253 இணைகள், அதாவது 506 சிறுவர், எஞ்சினர். உதவி பெற்றவர் வீட்டிற்கு ஆலோசகர் மாதம் இருமுறை அளவில் சென்று வந்தனர். பாதிக்கு மேற்பட்டோர்க்குப் பாடம் சொல்லித் தரப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் உடல் மருத்துவமோ உளமருத்துவமோ பெற்றனர். நாலில் ஒருவர் கோடை முகாமுக்கு அனுப்பப்பட்டனர். சராசரியாக ஐந்தாண்டுகள் நீடித்த இவ்வுதவி 1945ஆம் ஆண்டில் நிறைவுற்றது. 1951ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் அறிக்கையில், இரு குழுவினர்க்கும் இடையே குற்றச் செயல்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ‘பயன் தெரியக் காலம் ஆகலாம்’ என்று நல்லோர் சிலர் ஆறுதல் கொண்டனர்.

காலமும் ஆயிற்று. பணி முடிந்து முப்பது ஆண்டுகள் கடந்தபின், ஜோன் மக்கார்ட் என்னும் அம்மையார் அவர்களைத் தேடிப் புறப்பட்டார். நீதிமன்ற ஏடுகள், இறப்புப் பதிவேடுகள், உளமருத்துவமனைக் குறிப்புகள் ஆகியவற்றை ஆராய்ந்து, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரைப் பற்றிய செய்தியைத் திரட்டினார். 1978ஆம் ஆண்டில் அவர் முடிவுகளை வெளியிட்டார். உதவி பெற்றோருள் மூன்றில் இருவர், ‘அவ்வுதவி எங்களுக்கு நன்மை செய்தது’ என்று நன்றியுடன் கூறினர். தம் ஆலோசகரை அன்போடு நினைவுகூர்ந்தோரும் உண்டு. ஆனால், ஏடுகளோ வேறு கதை கூறின. மீண்டும் குற்றம் புரிதல், குடிக்கு அடிமையாதல், கடும் உளநோய்க்கு ஆளாதல், இளவயதில் இறத்தல் ஆகிய இவை யாவும் உதவி பெறாதோரைக் காட்டிலும் உதவி பெற்றோரிடமே மிகுந்திருந்தன.

இதன் காரணம் யாது? பிறரைச் சார்ந்தே நிற்கும் மனப்பான்மை வளர்ந்திருக்கலாம் என்றும், நிறைவேறாத எதிர்பார்ப்புகள் உள்ளத்தில் எழுந்திருக்கலாம் என்றும் அம்மையார் கருதினார். பிறிதொரு காரணமும் பின்னர்ப் புலனாயிற்று. கோடை முகாமுக்கு ஒருமுறைக்கு மேல் அனுப்பப்பட்டோரிடமே தீமை பெரிதும் காணப்பட்டது என்பதை, அவரும் வேறு ஆய்வாளரும் 1999ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். தடுமாறும் சிறுவர் பலரை ஓரிடத்தில் ஒன்றுகூட்டியபோது, அவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் தீய பழக்கங்களைக் கற்றிருத்தல் கூடும். உதவி செய்தோர் தீங்கு கருதினாரல்லர். அவர்தம் அன்பில் ஐயமில்லை. ஆயினும், அன்பு மட்டுமே பயனுக்குச் சான்றாகாது. ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழு இல்லாதிருந்தால், நன்றியுரைகளை மட்டும் கேட்டு, அப்பணி வெற்றி பெற்றதென்றே உலகம் நம்பியிருக்கும்.

இதனால், இளையோர்க்கு அளிக்கும் உளமருத்துவம் யாவும் பயனற்றது என்று கொள்ளுதல் பெரும்பிழையாகும். அளவிட்டுப் பார்த்தலே நல்ல மருத்துவத்தையும் அடையாளம் காட்டுகிறது. மிகுந்த அச்சத்தால் வருந்திய 488 இளையோரைப் பற்றிய ஆய்வின் முடிவு 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியாயிற்று. அவர்கள் ஏழு முதல் பதினேழு வயதிற்கு உட்பட்டவர்கள். எண்ணங்களையும் நடத்தையையும் திருத்தும் பயிற்சி, மருந்து ஆகிய இரண்டையும் ஒருங்கே பெற்றவருள் நூற்றுக்கு எண்பது பேர் பன்னிரண்டு கிழமைகளில் தேறினர். மருந்தில்லாத வெற்று மாத்திரை பெற்றவருள் தேறியவர் நூற்றுக்கு ஏறத்தாழ இருபத்துநால்வரே. மருத்துவத்தின் ஆற்றலுக்கு இது தக்க சான்று.

ஆய்வாளர் அத்துடன் நின்றுவிடவில்லை. அவர்களுள் 319 பேரைப் பிற்காலத்தில் ஆண்டுதோறும் அழைத்து, நான்கு ஆண்டுகள் வரை உசாவி வந்தனர். அவருள் நூற்றுக்கு இருபத்திருவர் நிலையான நலத்துடன் வாழ்ந்தனர். நாற்பத்தெண்மர் தேறுவதும் மீண்டும் நோயுறுவதுமாக இருந்தனர். முப்பதின்மரை நோய் விட்டு நீங்கவே இல்லை. தொடக்கத்தில் மருத்துவத்தால் தேறியவர்களே பின்னரும் நலமாக இருக்கும் வாய்ப்பை மிகுதியாகப் பெற்றிருந்தனர். எனவே, முதல் மருத்துவம் வேண்டுவதே. ஆனால் அது மட்டும் போதாது. நட்ட கன்றுக்கு ஒருநாள் நீர் வார்த்துவிட்டு அகலும் உழவன் இல்லை. நலம் பெற்றுச் சென்ற இளையோரையும் இடையிடையே கண்டு, நோய் மீளும் குறி தென்பட்டால் உடனே துணைநிற்றல் வேண்டும்.

இத்தகைய ஆய்வில் இடர்கள் பல உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்லச் சிலர் தொடர்பற்றுப் போவர். எளிதில் கிடைப்போரை மட்டும் எண்ணிக் கணக்கிட்டால், உண்மை திரிந்துவிடும். ஏனெனில், வீடிழந்தோரும் நோய் முற்றியோருமே பெரும்பாலும் கண்ணில் படாமல் மறைகின்றனர். ஆதலின், காணாமற் போன ஒருவரைத் தேடிக் கண்டறிவது, எளிதில் கிடைக்கும் பலரைக் காண்பதினும் சிறந்தது. அன்றியும், ஒருவருடைய இளமைக்காலத் துன்பம் அவருக்கே உரியது. அவருடைய இசைவு பெற்றே வினவுதல் வேண்டும். அறிந்ததை மறைவாகப் போற்றுதல் வேண்டும். பழைய ஏடு ஒன்றால் அவருடைய வேலைக்கோ மதிப்புக்கோ ஊறு நேருமாயின், அவ்வாய்வு அறம் தவறியதாகும்.

காபட் தம் கொள்கை பொய்க்கக்கூடும் என்பதை அறிந்தே சோதனைக்கு வழி செய்தார். மக்கார்ட் அம்மையார் இனிமையற்ற உண்மையையும் மறைக்காமல் எடுத்துரைத்தார். அவர்தம் நேர்மையால், இளையோர்க்கு உதவ முற்படுவோர் இன்று முன்னினும் விழிப்போடு நடந்துகொள்கின்றனர். துன்புறும் சிறுவனுக்குக் கை கொடுப்பது கருணை. அக்கை அவனை உண்மையில் கரைசேர்த்ததா எனப் பல ஆண்டுகள் கழித்தும் சென்று பார்ப்பது அக்கருணையின் கடமையாகும்.