வேலியும் பயிரும்

வாணிகத்திற்கு முதல் வேண்டும், சரக்கு வேண்டும், இவ்விரண்டினும் மேலாக நம்பிக்கை வேண்டும். வாங்குவோர் விற்போரிடத்து வைக்கும் நம்பிக்கை ஒருமுறை முறிந்துவிடின், அதனை மீண்டும் ஒட்டவைத்தல் அரிது. இவ்வுண்மையை இசைத்தட்டு வாணிகத்தின் அண்மைக்கால வரலாறு நன்கு விளக்குகின்றது.

மேலை நாட்டு நகரங்களில், பெரிய நிறுவனங்களைச் சாராத இசைத்தட்டுக் கடைகள் பல உண்டு. இலண்டன் மாநகரில் 1976ஆம் ஆண்டில் தோன்றிய ரஃப் டிரேடு, கலிபோர்னியாவைச் சேர்ந்த பெர்க்லி நகரில் 1990ஆம் ஆண்டில் தோன்றிய அமீபா மியூசிக் ஆகியவை இவ்வாறு தொடங்கிப் புகழ் பெற்றவை. இத்தகைய கடைக்காரர் தம்மிடம் வருவோரின் சுவையை அறிவார். புதிய இசையை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார். பெருங்கடைகளைப் போல விலையைக் குறைத்து விற்க அவரால் இயலாது. அவருடைய சொல்லே அவருக்கு முதல்.

சோனி, பிலிப்ஸ் என்னும் இரு நிறுவனங்கள் கூடி வகுத்த குறுந்தகடு 1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அதில் இசை எண்களாகப் பதியப் பெற்றிருந்தது. எண்களைப் படியெடுத்தால் மூலத்திற்கும் படிக்கும் வேற்றுமை இராது. எனினும், வீட்டிலிருந்தே அவ்வாறு படியெடுக்கும் கருவி அக்காலத்தில் இன்மையால், குறுந்தகட்டிற்குப் பூட்டு எதுவும் அமைக்கப் பெறவில்லை. 1990களின் இறுதியில் நிலைமை மாறிற்று. கணிப்பொறி வைத்திருந்தோர் எளிதில் படியெடுத்தனர். இணையத்தின் வழியே பிறர்க்கும் வழங்கினர். இசை நிறுவனங்கள் கவலையுற்றன. பாடுவோர்க்கும் இசை அமைப்போர்க்கும் உரிய ஊதியம் கிடைக்க வேண்டும் என்பது அறமே. ஆனால், அதனைக் காக்க அந்நிறுவனங்கள் மேற்கொண்ட வழி பிழையாயிற்று.

கணிப்பொறியைத் தடுமாறச் செய்யும் தவறான குறிப்புகளைச் சில தகடுகளில் வேண்டுமென்றே பதித்தனர். அவற்றுள் சிலவற்றின் விளிம்பருகே தடித்த மைப்பேனாவால் கோடிட்டால் பூட்டுத் திறந்துவிடும் என்பது 2002ஆம் ஆண்டில் வெளியாயிற்று. படியெடுக்க விரும்பியோர் எடுத்தே வந்தனர். விலை கொடுத்து வாங்கிய நேர்மையாளரோ, தகடு தம் காரிலுள்ள கருவியில் ஒலிக்காமை கண்டு வருந்தினர். அவர்கள் முறையிடச் சென்ற இடம் எது? தொலைவிலுள்ள நிறுவனம் அன்று; தெருமுனையிலுள்ள கடையே. தாம் செய்யாத பிழைக்குக் கடைக்காரர் தலைகுனிந்து விடைகூற வேண்டியதாயிற்று. இத்தகைய தகடுகள் உண்மையான குறுந்தகடுகள் ஆகா என்றும், அவற்றில் குறுந்தகட்டின் முத்திரையைப் பொறித்தல் கூடாது என்றும் பிலிப்ஸ் நிறுவனமே கூறிற்று.

இதனினும் கொடியது 2005ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. சோனி பி.எம்.ஜி. நிறுவனம் வெளியிட்ட தகடு ஒன்று, தம் கணிப்பொறியில் ஒரு மென்பொருளைப் புகுத்தி, அது கண்ணிற் படாதவாறு ஒளித்தும் வைத்திருந்ததை மார்க் ருசினோவிச் என்னும் அமெரிக்க வல்லுநர் கண்டார். அக்டோபர் 31ஆம் நாள் அதனை உலகிற்கு அறிவித்தார். அம்மறைவிடத்தில் தீய மென்பொருள்களும் பதுங்கலாயின. பயிரைக் காக்க இட்ட வேலியே பயிரை மேய்ந்தது! அடுத்த மாதமே அந்நிறுவனம் அவ்வகைத் தகடுகளைத் திரும்பப் பெற்றது. அவை 52 இசைத்தொகுப்புகளைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 47 இலட்சம் தகடுகள் செய்யப் பெற்று, 21 இலட்சம் வரை விற்றிருந்தன. டெக்சாஸ் மாநில அரசு வழக்குத் தொடுத்தது. 2007ஆம் ஆண்டில் ஈ.எம்.ஐ. நிறுவனமும் குறுந்தகடுகளுக்குப் பூட்டிடுவதைக் கைவிட்டது.

2008ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள், தனிக்கடைகள் ஒன்றுகூடி இசைத்தட்டுக் கடை நாளை முதன்முறையாகக் கொண்டாடின. அது பின்னர் ஆண்டுவிழாவாக நிலைபெற்றது. அங்கு மக்கள் விரும்பி வாங்கியவற்றுள், பூட்டு எதுவும் இல்லாத பழைய வகை இசைத்தட்டுகளே சிறப்பிடம் பெற்றன.

உரிமையைக் காத்தல் கடமை. ஆயினும், கள்வனைத் தடுக்க எண்ணி நல்லவன் வீட்டில் மறைவாகப் புகுதல் முறையாகாது. நம்பி வாங்குவோரை நம்புதலே வாணிகத்திற்குச் சிறந்த காவலாகும்.