ஓசையும் ஒழுங்கும்

நிரம்பிய குடத்தில் மேலும் நீரை வார்த்தால் குடம் பெரிதாகுமா? ஆகாது, நீர் வழியும். இந்த எளிய உண்மையை நான் ஒரு மின்கிதாரின் முன் நின்று, நாணித் தலைகுனிந்த பின்பே கற்றேன். கிதார் பயிலும் நம் மாணவருக்குப் பயன்படும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

சென்ற பொங்கல் விழாவுக்காக நாங்கள் ஐவர் ரிச்சர்ட்ஸ் டவுனில் நண்பன் ஒருவனின் வீட்டில் ஒத்திகை பார்த்தோம். மரங்கள் நிழல் செய்யும் அமைதியான தெரு அது. அக்கம்பக்கத்தார்க்குத் தொல்லை கூடாது என்று ஆம்ப்ளிபயரின் ஓசையைக் குறைத்தே வைத்திருந்தோம். தங்கை ஒருத்தி பாட, இடையே பதினாறு தாளவட்டம் நான் தனித்து வாசிக்க வேண்டும். என் முறை வந்தது. இரவல் வாங்கிய கிளீன் பூஸ்ட் பெடலைக் காலால் அழுத்தினேன். ஓசை உயரவில்லை; கரகரப்புத்தான் மிகுந்தது.

"அண்ணா, இரைச்சல் கேட்டது, இசை கேட்கவில்லை" என்றாள் தங்கை.

பெடலைப் பழித்தேன். நண்பனின் பாட்டனார் சிரித்தார். இளமையில் கண்டோன்மென்ட் பகுதி விருந்துகளில் கிதார் வாசித்தவர் அவர். "தம்பி, குற்றம் பெட்டியில் இல்லை, நீ அதை வைத்த இடத்தில் இருக்கிறது" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். கிதாரின் கம்பி அதிர்கையில் பிக்கப்பில் எழும் மின்னழுத்தம் மிகச் சிறியது. பூஸ்ட் பெடல் அதன் வடிவத்தை மாற்றாமல் அளவை மட்டும் உயர்த்துகிறது. 6 டெசிபெல் உயர்த்தினால் மின்னழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகும். 20 டெசிபெல் உயர்த்தினால் பத்து மடங்காகும். நியூயார்க்கில் மைக் மாத்யூஸ் 1968 இல் தொடங்கிய எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தின் தொடக்கக் கருவிகளுள் ஒன்றான எல்.பி.பி.-1 இத்தகையது. அதனுள் இருந்தது ஒரே ஒரு டிரான்சிஸ்டர்!

பெடல் தூய்மையானதே. ஆனால் அது அனுப்பும் பெரிய அலையை ஆம்ப்ளிபயர் தாங்க வேண்டுமே! தாங்காதபோது அலையின் உச்சி வெட்டுப்படும். அந்த வெட்டே கரகரப்பு. வால்வு ஆம்ப்ளிபயரில் இது இனிமையாகவும் இருக்கும். அதற்கென்றே பூஸ்ட் பெடலை நாடுவோர் பலர். நானோ 'கெயின்' குமிழை முன்பே மிகுதியாகத் திருப்பி வைத்திருந்தேன். உச்சி வெட்டுப்பட்ட ஒலிக்கு மேலும் ஊக்கம் தந்தால் வெட்டு மிகுமே அன்றி உயரம் மிகாது. மென்மையாக மீட்டியதும் வன்மையாக மீட்டியதும் ஒன்றுபோல் ஒலிக்கும். கமகம் வாசிப்போர்க்கு இது பேரிழப்பு அன்றோ?

ஆகவே, நண்பர்களே, மூன்று விதிகளை நினைவில் கொள்வீர். கரகரப்பும் சுரத்தின் நீட்சியும் வேண்டுமானால், பூஸ்ட் பெடலை ஓவர்டிரைவ் பெடலுக்கு முன்னே வையுங்கள். ஓசை உயர வேண்டுமானால் பின்னே வையுங்கள். கரகரப்பு ஆம்ப்ளிபயரிலேயே பிறக்கிறது என்றால், அதன் எபெக்ட்ஸ் லூப்பில் வையுங்கள். ஆம்ப்ளிபயர் கரகரப்பின்றி ஒலிக்குமாறு வைத்திருந்தால், அதன் எல்லையைத் தொடும்வரை முன்னே வைத்தாலும் ஓசை உயரும். ஒன்று மறவாதீர்: பெடல் இசையை மட்டும் பெருக்குவதில்லை, அதற்கு முன்னே எழும் முரலொலியையும் சேர்த்தே பெருக்கும்.

அவர் சொன்னபடி பெடலை லூப்பில் மாற்றினேன். குமிழைக் குறைவில் வைத்து, எல்லோரும் வாசிக்கும்போதே சிறிது சிறிதாகத் திருப்பினேன். தனியே வாசித்து அளவு குறிப்பது ஏமாற்றும். குழுவோடு வாசித்தே குறிக்க வேண்டும். சிறு திருப்பமே போதுமானதாக இருந்தது. கிதார் தெளிவாக மேலெழுந்தது. எனக்கோ மகிழ்ச்சி தாங்கவில்லை!

அந்த மகிழ்ச்சியில் பெடலை அணைக்க மறந்தேன். தங்கை அடுத்த அடியைப் பாடினாள். அவள் குரல் என் ஓசையில் மூழ்கியது. பாதியில் நிறுத்திவிட்டாள். ஒருவரும் பேசவில்லை. முன்பு என் ஒலி கேட்கவில்லை என்று வருந்தியவன் நான். இப்போது அவள் ஒலி கேட்காமற் செய்தவனும் நானே.

"ஏறத் தெரிந்தவனுக்கு இறங்கவும் தெரிய வேண்டும்" என்றார் பெரியவர்.

விழா நாளில் பதினாறாவது தாளவட்டம் முடியுமுன்பே என் கால் பெடலின்மேல் காத்திருந்தது. அழுத்தினேன், ஒலி தாழ்ந்தது. அந்த இடைவெளியில் தங்கையின் குரல் அரங்கெங்கும் நிறைந்தது. கைதட்டல் அவளுக்குத்தான். எனினும் அதில் என் காலுக்கும் ஒரு பங்கு உண்டென்று நான் எண்ணிக்கொண்டேன்.