பால் பற்களின் சொத்தையும் குடும்ப சௌக்கியமும்

பால் பற்கள் சில வருஷங்களில் தாமாகவே உதிர்ந்துபோவன. ஆகையால் அவற்றில் சொத்தை விழுந்தாலும் பாதகமில்லை என்னும் எண்ணம் தமிழ் மக்களிடையே வெகுகாலமாக வேரூன்றியிருக்கிறது. கல்வியிற் சிறந்த குடும்பங்கள் நிறைந்த மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு முதலிய சென்னைப் பகுதிகளிலுங்கூட அது முற்றிலும் நீங்கிவிடவில்லை. 2002-03ஆம் வருஷத்தில் இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் தேசமெங்கும் நடத்திய பரிசோதனையில், 5 வயதுக் குழந்தைகளில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்குச் சொத்தைப் பல் இருந்ததாகக் கண்டறியப்பட்டது.

பால் பற்கள் மொத்தம் 20. ஏறக்குறைய ஆறாம் மாதத்தில் முளைக்கத் தொடங்கி மூன்று வயதுக்குள் நிறைவடைகின்றன. இவற்றுள் முன்பற்களே 6, 7 வயதில் உதிர்வன. கடைவாய்ப் பற்களோ 10 முதல் 12 வயது வரையில் நிலைத்திருந்து உணவை அரைக்க வேண்டியவை. நான்கு வயதில் கடைவாய்ப் பல் சொத்தையான குழந்தை, அதனை வைத்துக்கொண்டே இன்னும் ஆறேழு வருஷம் சாப்பிட்டாக வேண்டும். அதனை அகாலத்தில் பிடுங்கிவிட்டாலோ, பக்கத்துப் பல் சரிந்து வந்து இடத்தை அடைத்துக்கொள்ளும்; பின்னர் முளைக்கும் பல் கோணலாக வரவும் ஏதுவாகும். உதிர்கிற பல்தானே என்னும் வாதம் இவ்விடத்திலேயே முறிந்துவிடுகிறது.

சொத்தைக்குப் பூச்சி காரணமென்று கருதி, கண்டங்கத்தரி விதையின் புகையைப் பிடிக்கும் வழக்கம் முன்னாளில் இருந்தது. பல்லைத் துளைக்கும் புழு எதுவும் கிடையாதென்பதை 1728ஆம் வருஷத்திலேயே பிரெஞ்சுப் பல் வைத்தியர் பியேர் ஃபோஷார் எடுத்துக் காட்டினார். வாயிலுள்ள நுண்கிருமிகள் சர்க்கரையைப் புளிக்கச் செய்து அமிலமாக்குகின்றன. அவ்வமிலம் பல்லின் மேற்பூச்சைக் கரைக்கிறது. பால் பல்லில் இப்பூச்சு மெல்லியதாகையால் கேடு விரைவில் உட்செல்லும். சர்க்கரை கலந்த பாலைப் புட்டியில் ஊற்றிக் குழந்தையின் வாயில் வைத்தே உறங்கச் செய்வது எல்லாவற்றிலும் தீங்கானது. ஏனெனில் நித்திரையில் உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைந்துபோகிறது. கீழ் முன்பற்களை நாக்கு மூடிக் காப்பதால் மேல் முன்பற்களே முதலிற் கெடுகின்றன. பனங்கற்கண்டும் தேனும் மருந்துக்குணமுடையவை, பல்லைக் கெடுக்கமாட்டா என்று நம்புவோர் அநேகர். கிருமிகளுக்கு அந்தப் பேதம் தெரியாது.

இரண்டு வயதுக் குழந்தைக்குப் பல் வலிக்கிறதென்று சொல்லத் தெரியாது. ஒரு பக்கத்தாலேயே மெல்லும். முறுக்கை ஒதுக்கிவிட்டுக் குழைந்த சாதத்தையே கேட்கும். குளிர்ந்த நீரைக் கண்டு முகத்தைச் சுளிக்கும். நள்ளிரவில் எழுந்து அழும். வீட்டார் இவற்றைப் பிடிவாதமென்றும் திருஷ்டி தோஷமென்றும் எண்ணிக்கொள்வர்.

இவ்விதத் துன்பத்தை அளந்தறிய, அமெரிக்காவில் வட கரோலினா சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் 2007ஆம் வருஷத்தில் 13 வினாக்கள் அடங்கிய பட்டி ஒன்றை வெளியிட்டனர். அது பல பாஷைகளில் பெயர்க்கப்பட்டு வழங்கி வருகிறது. வலி, உண்ணல், பருகல், பேச்சு, பள்ளிக்குச் செல்லாமை, உறக்கம், சினம், சிரிக்கக் கூசுதல், பேசத் தயங்குதல் ஆகிய ஒன்பதும் குழந்தையைப் பற்றியவை. மற்ற நான்கும் குடும்பத்தைப் பற்றியவை: பெற்றோர் மனம் கலங்கினரா? தம்மையே குற்றவாளியாகக் கருதினரா? வேலைக்குச் செல்லாது நின்றனரா? பணச் செலவு நேர்ந்ததா?

இக்கடைசி நான்கும் மிகவும் கவனிக்கத்தக்கவை. தியாகராய நகரில் ரங்கநாதன் தெருக் கடையொன்றில் நாள் முழுதும் நின்று வேலை செய்யும் தாய் ஒருத்தியை நினைத்துப் பார்க்கலாம். இரவெல்லாம் குழந்தையைத் தோளிற் போட்டு நடந்தவள் மறுநாள் வேலைக்குப் போனால் குழந்தையைப் பார்ப்பாரில்லை, போகாவிட்டால் கூலியில்லை. அடையாறு ஊரூர்க் குப்பத்தில் விடியுமுன் மீன் வாங்கப் புறப்படும் பெண்ணின் நிலையும் இதுவே. பல்லின் செலவு வைத்தியருக்குக் கொடுக்கும் தொகையோடு முடிவதில்லை என்பதை இவர்களே நன்கறிவர். இதற்கு மேல், தாய் சரியாகக் கவனிக்கவில்லையென்று வீட்டிலும் வைத்தியசாலையிலும் குறை கூறப்படுவதுமுண்டு. இது நியாயமன்று, பயனுமில்லை. பழிக்கு அஞ்சிய தாய், கன்னம் வீங்கும் வரையில் குழந்தையைக் காட்டவே மாட்டாள்.

தடுக்கும் முறை எளியது. முதற் பல் முளைத்தவுடனே ஃப்ளோரைடு சேர்ந்த பசையை அரிசி மணியளவும், மூன்று வயதுக்குமேல் பட்டாணியளவும் இட்டு, இருவேளையும் பெரியவர்களே துலக்கிவிட வேண்டும். செங்கற்பொடியும் கரியும் வேண்டா. இரவில் துலக்கியபின் நீரன்றி வேறொன்றும் கொடுக்கலாகாது. மாதம் ஒருமுறை மேலுதட்டை உயர்த்திப் பார்ப்பது நலம். ஈறோரத்தில் சுண்ணாம்பு போன்ற வெண்கோடு தெரியின் அதுவே சொத்தையின் தொடக்கமாகலாம். அந்நிலையில் அதனை மாற்றிவிடலாகும். அங்கன்வாடி ஊழியர்களும் இச்சோதனையை எளிதிற் கற்றுக்கொள்ளலாம்.

சென்னையில் 1953ஆம் வருஷத்தில் நிறுவப்பெற்ற அரசாங்கப் பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. மயிலாப்பூரார் திருமயிலையிலிருந்தும், தியாகராய நகரத்தார் மாம்பலத்திலிருந்தும் ரயிலேறிக் கோட்டையில் இறங்கலாம்.

துளையிடும் கருவிக்கு அஞ்சும் சிறு குழந்தைகளுக்கு, சில்வர் டையமின் ஃப்ளோரைடு என்னும் நீரைத் தடவிச் சொத்தை பரவாமல் நிறுத்தும் முறையுமுண்டு, ஊசி தேவையில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2021ஆம் வருஷத்தில் இதனை அத்தியாவசிய மருந்துகளின் ஜாபிதாவிற் சேர்த்தது. சொத்தையான இடம் இதனாற் கறுத்துவிடுமாதலால் பெற்றோர் சிலர் தயங்குகின்றனர். அக்கறை அப்பல்லோடேயே உதிர்ந்துவிடும். அதன்பின் முளைக்கும் நிலைப்பல்லில் வருவதில்லை.