காற்றடிக்கும்போது நிற்கும் காற்றாலை

அன்புள்ள தம்பி,

ஆடி மாதம், ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆளைத் தள்ளும் காற்று. அப்போது முப்பந்தலில் வரிசையாகக் காத்தாடிகள் சுற்றாமல் நின்றதைப் பேருந்திலிருந்து பார்த்துவிட்டு, இத்தனையும் ஒரே நாளில் பழுதாகுமா என்று கேட்டிருந்தாய். பழுதாக வழியில்லை. அந்த வட்டாரத்தில் கம்பி தாங்காத நாளிலும், மாநிலம் முழுக்க வாங்க ஆளில்லாத நேரத்திலும், மின்வலையை நடத்தும் லோடு டெஸ்பாட்ச் மையத்திலிருந்து குறைக்கச் சொல்லி உத்தரவு வரும். நீ பார்த்தது அப்படியொரு நேரமாக இருக்கலாம்.

பதிலை இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் உன் கடிதத்தோடு அனுப்பிய கருத்தரங்கக் கட்டுரையின் ஒரு வரி என்னை விடவில்லை: இன்னும் 10,000 மெகாவாட்டுக்குச் சூரியத் தகடு பதித்துவிட்டால் தூத்துக்குடி அனல்மின் நிலையத்தை மூடிவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறவன் இப்படி எழுதலாமா? செய்தித்தாளில் அமைச்சர் பேச்சாக வந்தால் கடந்து போவேன். மெகாவாட் என்பது இயந்திரத்தின் அளவு. வீட்டுக்கு வருவது யூனிட், அதுவும் கேட்கிற நேரத்தில் வர வேண்டிய யூனிட். நேரத்தைச் சொல்லாமல் மெகாவாட்டை மட்டும் அடுக்கும் எந்தக் கட்டுரையையும் நான் படித்து முடிப்பதில்லை. உன் கட்டுரை என்பதால் முடித்தேன்.

முப்பந்தலுக்கே வருவோம். தமிழ்நாட்டில் இன்று காற்றாலை மட்டும் 10,000 மெகாவாட்டுக்கு மேல் இருக்கிறது, சூரிய மின்சாரமும் அதை எட்டிப் பிடிக்கும் நிலைக்கு வந்துவிட்டது. ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலை எடுத்துக்கொள். ஆலைகள் பாதி ஓடவில்லை. வெயில் உச்சியில் இருக்கிறது, காற்றும் அடிக்கிறது. கூடங்குளத்தின் 1,000 மெகாவாட் அணு உலைகளை மணிக்கொரு தரம் ஏற்றி இறக்க முடியாது. அனல்மின் நிலையத்தையாவது அணைக்கலாமே என்பாய். அணைத்தால் கொதிகலன் ஆறிவிடும். மறுபடி சூடேற்றி முழு உற்பத்திக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் ஆகும். மாலை ஏழு மணிக்கு ஊரெல்லாம் விளக்கும் மின்விசிறியும் போடும்போது சூரியன் இருக்காது. அந்த ஏழு மணிக்காகத்தான் கொதிகலன் நண்பகலிலும் எரிந்துகொண்டிருக்கிறது. எவ்வளவு தணிக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. நம் நாட்டில் அது முழுத் திறனில் 55 விழுக்காடாக இருந்தது. 40 வரை இறங்கும்படி நிலையங்களை மாற்றியமைக்க வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் 2023-இல் விதி வகுத்திருக்கிறது. அந்தக் காலத்து 210 மெகாவாட் இயந்திரங்களை அப்படி ஆட்டிவைத்தால் குழாய்கள் வெடிப்பு விடும் என்று நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

வெளி மாநிலத்துக்கு விற்கலாமே என்ற கேள்வி உனக்கு வந்திருக்கும். 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் வழித்தடம் வந்து, தென் மண்டலம் மற்ற மண்டலங்களோடு ஒரே அலைவெண்ணில் இணைந்தது. அது பெரிய நிம்மதிதான், இரவுக் காற்றை வடக்கே அனுப்ப வழி பிறந்தது. ஆனால் நண்பகலில் ராஜஸ்தானுக்கும் குஜராத்துக்கும் அதே வெயில். எல்லோர் கையிலும் ஒரே சரக்கு இருக்கும் நேரத்தில் யார் வாங்குவார்கள்?

காற்றாலையை நிறுத்துவதால் என்ன நட்டம் என்பதைப் பணக்கணக்காக மட்டும் பார்க்காதே. நிலக்கரியிலிருந்து ஒரு யூனிட் எடுக்க ஏறத்தாழ 700 கிராம் கரி எரிகிறது. நம் நாட்டுக் கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். ஆக, ஓடாமல் விட்ட ஒவ்வொரு காற்று யூனிட்டுக்கும் பதிலாக, ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு மேலே போகிறது, கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான சாம்பல் கீழே தங்குகிறது. அந்தச் சாம்பல் எங்கே போகும் என்று தெரிய வேண்டுமானால் எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போய்ப் பார். கொசஸ்தலை ஆற்றில் படகு தட்டும் அளவுக்குச் சாம்பல் படிந்திருப்பதை மீனவர்கள் ஆண்டாண்டாகச் சொல்லிவருகிறார்கள். இறாலும் நண்டும் குறைந்த கதையை அவர்கள் வாயால் கேட்காமல், இந்தத் துறையில் சுற்றுச்சூழல் என்று ஒரு பக்கம் எழுதுவதில் அர்த்தம் இல்லை.

இப்போது என் மனத்துக்கு நெருக்கமான இடத்துக்கு வருகிறேன். ஆனைமலைக் காட்டுக்குள், மலையைக் குடைந்த சுரங்க மின் நிலையம் ஒன்று இருக்கிறது: காடம்பாறை. நூறு நூறாக நான்கு இயந்திரங்கள், மொத்தம் 400 மெகாவாட். 1987 முதல் 1989 வரை ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. வளங்குன்றா வளர்ச்சி என்ற சொல்லை உலகம் முழுக்கக் கொண்டுசென்ற புருண்ட்லாண்ட் குழுவின் அறிக்கை வந்ததும் அதே 1987-இல்தான். அறிக்கையை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள், காடம்பாறையை நம் பாடப்புத்தகம் ஒரு வரியில் தாண்டிவிடுகிறது.

அங்கே நடப்பது இவ்வளவுதான். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழே மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீரை மேலே காடம்பாறை அணைக்கு ஏற்றுகிறார்கள். தட்டுப்பாடு வரும் நேரத்தில் அதே தண்ணீர் அதே குழாயில் இறங்கி, அதே இயந்திரத்தைத் திருப்பிச் சுழற்றுகிறது. 367 என்ற எண்ணை மனப்பாடம் செய்துகொள். ஒரு கன மீட்டர் தண்ணீரை 367 மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் அதில் சேர்வது சரியாக ஒரு யூனிட். ஆயிரம் கிலோவை 9.81-ஆல் பெருக்கி, உயரத்தால் பெருக்கி, 36 லட்சத்தால் வகுத்துப் பார். ஏற்றும்போதும் இறக்கும்போதும் சேர்த்து நாலில் ஒரு பங்கு வீணாகும். இதைச் சொன்னதும் வகுப்பில் யாராவது ஒருவர், அப்படியானால் இது நட்டத் தொழில்தானே என்பார். நிறுத்திவைத்த காற்றாலையில் முழுப் பங்கும் வீணாகிறதே, அதைக் கணக்கில் எழுதுவது யார்?

நீர்மின் நிலையத்தின் வேகத்தையும் சொல்லிவிடுகிறேன். 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு நாடு முழுக்க ஒன்பது நிமிடம் விளக்கணைத்தார்களே, அன்று தேவை ஏறத்தாழ 31,000 மெகாவாட் சரிந்தது. எதிர்பார்த்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்தச் சில நிமிடங்களில் உற்பத்தியை இறக்கி மீண்டும் ஏற்றியதில் பெரும்பங்கு நீர்மின் நிலையங்களுடையது. அனல்மின் நிலையத்தால் அந்த வேகத்தில் நடக்க முடியாது.

இனி நீர்மின் திட்டங்களின் மறுபக்கம். நீலகிரியில் அவலாஞ்சி, எமரால்டு, மேல் பவானி என்று குந்தா திட்டத்துக்காகக் கட்டிய நீர்த்தேக்கங்களுக்கு அடியில் போனது சோலைக் காடும் புல்வெளியும். அவை போனால் நட்டு வளர்த்துத் திரும்பப் பெற முடியாதவை. இப்போது போர்த்திமந்துக்கும் அவலாஞ்சி–எமரால்டுக்கும் நடுவே 500 மெகாவாட்டில் குந்தா நீரேற்று மின் திட்டம் கட்டுகிறார்கள். இரண்டு நீர்த்தேக்கங்களும் ஏற்கெனவே இருப்பதால் புதிதாக ஒரு பள்ளத்தாக்கும் மூழ்காது. அதனால் நான் இதை ஆதரிக்கிறேன். ஆனாலும் சுரங்கம் தோண்டிய மண்ணையும் கல்லையும் எங்கே கொட்டுகிறோம் என்பது அங்கே உயிர்ப் பிரச்சினை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது, மலைச்சரிவுகள் பல இடங்களில் பெயர்ந்து வந்தன. அப்படிப்பட்ட சரிவில் குவித்த மண் அடுத்த பெருமழையில் ஆற்றுக்குத்தான் வரும். புதிய காட்டை அழித்துப் புதிய அணை கட்டி அதற்கும் பசுமை என்று பெயர் வைத்தால், அந்தப் பெயரை நான் ஏற்கமாட்டேன்.

காடம்பாறையின் அளவையும் மறைக்கவில்லை. நான்கு இயந்திரங்களும் ஆறு மணி நேரம் முழுதாக ஓடினால் 24 லட்சம் யூனிட். கோடையில் தமிழ்நாடு ஒரு நாளைக்குச் செலவிடுவது 40 கோடி யூனிட்டுக்கு மேல். இத்தனை பெரிய பசிக்கு மலை ஒன்றே போதாது. மின்கலங்கள் வருகின்றன, விலையும் இறங்குகிறது. அதைப் பற்றி உன் வகுப்பிலேயே நிறையப் பேசுவார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

நான் சொல்ல வருவது மின் தேவையை வேறு நேரத்துக்கு நகர்த்துவதைப் பற்றி. தாமஸ் ஹியூஸ் 1983-இல் எழுதிய 'நெட்வொர்க்ஸ் ஆஃப் பவர்' நூலை உங்கள் நூலகத்தில் கேட்டுப் பார். மின்வலையின் வரலாற்றை அதைப்போல் எழுதிய நூல் நான் படித்ததில் வேறு இல்லை. அதில் சிகாகோவின் சாமுவேல் இன்சல் பற்றி வரும். எடிசனின் செயலாளராக இருந்து, 1892-இல் சிகாகோ மின் நிறுவனத்துக்குத் தலைவராகப் போனவர். விளக்குக்காக மாலையில் மட்டும் ஓடிய இயந்திரங்கள் பகலெல்லாம் சும்மா நிற்பது அவருக்கு உறுத்தியது. இங்கிலாந்தின் பிரைட்டனில் ஆர்தர் ரைட் அமைத்த புது வகை மீட்டரைப் பார்த்துவந்து, வாடிக்கையாளரின் உச்சத் தேவைக்குத் தனியாகவும், யூனிட்டுக்குத் தனியாகவும் விலை வைத்தார். டிராம் கம்பெனிக்கும் ஆலைகளுக்கும் மலிவாக விற்று, சும்மா நின்ற நேரத்தை நிரப்பினார். 1932-இல் அவர் நிறுவனங்கள் சரிந்து மக்கள் பணம் போனது வேறு கதை, அதற்காக அவரை நான் மன்னிப்பதில்லை. ஆனால் எந்த நேரம் சும்மா நிற்கிறது, அந்த நேரத்தை யாருக்குக் கொடுக்கலாம் என்று முதலில் சரியாகக் கேட்டவர்களில் அவர் ஒருவர்.

நம் ஊரில் அப்படி நேரத்தைக் கொடுக்கத் தக்க ஆள் யார்? விவசாயிதான். தமிழ்நாட்டில் விவசாய மின் இணைப்பு 20 லட்சத்துக்கு மேல். சராசரி 5 குதிரைத்திறன் என்று வைத்துக்கொண்டால் எல்லாமும் ஒன்றாக ஓடும்போது 7,400 மெகாவாட்டுக்கு மேல், பதினெட்டுக் காடம்பாறைக்குச் சமம். நெல்லுக்கும் வாழைக்கும் தண்ணீர் வேண்டும், அது காலை பத்து மணிக்கு வந்தாலும் இரவு பதினொரு மணிக்கு வந்தாலும் பயிருக்குப் பெரிய பேதமில்லை. மனிதனுக்குப் பேதமுண்டு. மும்முனை மின்சாரம் எப்போது வருமென்று காத்திருந்து, நடுராத்திரியில் டார்ச் லைட்டோடு வரப்பில் நடந்துபோய் மோட்டார் போட்டவர்களையும், அந்த வரப்பில் பாம்பு கடித்தவர்களையும் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். சூரிய மின்சாரம் மிஞ்சும் பகல் நேரத்துக்கு விவசாய பீடர்களை, அதாவது மோட்டார்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் தடங்களை, முறைவைத்து நகர்த்தினால், மின்வலைக்கும் நல்லது, அந்த மனிதருக்கும் நல்லது. முப்பந்தலில் ஒரு காத்தாடி நிற்காமல் சுற்ற, பாவூர்சத்திரத்து மோட்டார்கள் நேரம் மாறினால் போதும் என்று நான் நம்புகிறேன். இதை எங்கு பேசினாலும் வலியுறுத்திவருகிறேன்.

ஒன்றைத் திரித்துவிடாதே. நேரத்தை மாற்றச் சொல்கிறேன், நேரத்தைக் கூட்டச் சொல்லவில்லை. மறுபடி 367-க்கு வா. கொங்கு நாட்டில் ஆயிரம் அடிக்கு ஆழ்துளைப் போர் போடுகிறார்கள். அது 305 மீட்டர். அந்த ஆழத்திலிருந்து ஒரு கன மீட்டர் தூக்கக் கணக்குப்படி 0.83 யூனிட், மோட்டாரின் திறன் பாதிதான் என்றால் 1.66 யூனிட். காடம்பாறையில் ஏற்றிய தண்ணீர் மாலையில் முக்கால் பங்கைத் திருப்பித் தரும். போரில் ஏற்றிய தண்ணீர் எதையும் திருப்பித் தராது, அடுத்த ஆண்டு இன்னும் ஆழத்துக்குப் போகச் சொல்லும். பகலில் மின்சாரம் தாராளம், கட்டணமும் இல்லை என்று ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டால், காற்றைக் காப்பாற்றப் போய் நிலத்தடி நீரைத் தொலைத்தவர்களாவோம். பீடருக்கு மொத்த மணி நேரம் இவ்வளவுதான் என்று வரம்பு இருக்க வேண்டும். ஏரியும் கிணறும் உள்ள இடத்தில் இந்த ஏற்பாட்டை முதலில் செய்ய வேண்டும், போர் மட்டும் உள்ள இடத்தில் கடைசியில்.

அதனால் உன் கட்டுரையைத் திருத்துவதற்கு முன் ஒரு வேலை செய். உங்கள் ஊர்த் துணை மின் நிலையத்தில் உதவிப் பொறியாளரைப் பார்த்து, ஏதாவது ஒரு விவசாய பீடரின் ஒரு நாள் லோடு கணக்கைக் கேட்டு வாங்கு. ஆடியில் ஒரு நாள், பங்குனியில் ஒரு நாள். பதினைந்து நிமிடத்துக்கு ஒன்றாக நாளுக்கு 96 எண்கள். மின்வலையின் அன்றாடத் திட்டம் அந்த 96 கட்டங்களில்தான் நடக்கிறது. சராசரி எடுக்காதே, அப்படியே வரை. அந்த பீடரில் எத்தனை கிணறு, எத்தனை போர், எத்தனை அடி ஆழம் என்பதையும் விசாரித்து எழுது. காலை பத்திலிருந்து மாலை மூன்றுக்குள் எவ்வளவு நகர்த்த முடியும் என்று கணக்குப் போட்டு எனக்கு அனுப்பு. தூத்துக்குடியை மூடுவதைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்.

அன்புடன்,
உன் ஆசிரியன்