ரூபாய்க்கு ஓரணா

இயற்பியல் படிக்கும் மாணவனுக்கு ஓய்வுக்காலச் சேமிப்பைப் பற்றி எழுத என்ன உரிமை என்று சங்க நண்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் மானசகங்கோத்ரியில் படிக்கும் நம்முள் பலர் இன்னும் ஓராண்டிலோ ஈராண்டிலோ பெங்களூரிலோ, ஓசூரிலோ, இந்த மைசூரிலேயோ ஒரு வேலையில் அமர்வோம். அமரும் முதல் நாளில் ஒரு கட்டுத் தாள்களை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். அவற்றுள் ஒன்று, முதுமையில் நம் கையில் என்ன இருக்கும் என்பதைப் பெரிதும் முடிவு செய்யும் தாள். அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவோர் எத்தனை பேர்? இருபத்து மூன்று வயதில் ஐம்பத்தெட்டைப் பற்றி எண்ணுவோர் அரியர். எண்ணமாட்டார்கள் என்பதை அறிந்தே சட்டங்கள் சில முறைகளை வகுத்துள்ளன. அம்முறைகள் நமக்கு எதைச் செய்கின்றன, எதைச் செய்யாமல் விடுகின்றன என்பதை இங்கே காண்போம்.

நம் வீடுகள் அறிந்த வழி

சேமிக்கும் எண்ணம் நம்மவர்க்குப் புதிதன்று. அரிசிப் பானைக்குள்ளும் அஞ்சறைப் பெட்டிக்குள்ளும் தாய்மார் சேர்க்கும் சிறுவாட்டுப் பணத்தை அறியாதவர் யார்? ஆனால் சிறுவாடு மனவுறுதியை நம்பி நிற்பது. ஒரு திருவிழா, ஒரு காய்ச்சல் வந்தால் பானை காலியாகிவிடும். சீட்டு அப்படியன்று. மாதத்தில் இன்ன நாள், இன்ன தொகை என்று முன்பே முடிவாகிவிடுகிறது. கட்டாவிட்டால் நாலு பேர் முன் தலைகுனிவு. ஆகவே சிறுவாடு சேர்க்க இயலாதவரும் சீட்டைக் கட்டி முடிக்கிறார். முடிவை ஒரே ஒரு முறை எடுத்து, பிறகு அதை மாதந்தோறும் புதிதாக எடுக்க வேண்டாத நிலையை உண்டாக்குவதே சீட்டின் நுட்பம். சம்பளத்திலிருந்து பிடித்தம் செய்யும் முறையும் இந்த நுட்பத்தின் மேல் கட்டப்பட்டதுதான்.

இந்த மைசூருக்கும் அதில் ஒரு பழம்பெருமை உண்டு. சமஸ்தான அரசு தன் ஊழியர்களுக்கென 1891இல் ஓர் ஆயுள் காப்பீட்டுத் துறையைத் தொடங்கிற்று. அதுவே இன்றைய கர்நாடக அரசுக் காப்பீட்டுத் துறை. 1958ஆம் ஆண்டு விதிகளின்படி அரசு ஊழியர் அதில் கட்டாயம் காப்பீடு செய்துகொள்ள வேண்டும். தவணைப் பணம் சம்பளத்திலேயே கழிந்துவிடும்.

1952இல் பிறந்த திட்டம்

அரசு ஊழியர்க்கு ஒரு வழி இருந்தது. ஆலைத் தொழிலாளிக்கு? 1951 நவம்பரில் ஓர் அவசரச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1952இல் தொழிலாளர் சேமநிதிச் சட்டம் இயற்றப்பட்டது. முதலில் அது ஆறு தொழில்களையே தழுவிற்று: சிமெண்டு, சிகரெட்டு, பொறியியல் பொருள்கள், இரும்பும் எஃகும், காகிதம், நெசவு. ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளில், மாதம் 300 ரூபாய்க்கு மேற்படாத சம்பளம் பெறுவோர் உறுப்பினராயினர். தொழிலாளி தருவது நூற்றுக்கு ஆறேகால். முதலாளி தருவதும் அவ்வளவே. பழைய நாணயக் கணக்கில் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. நூற்றுக்கு ஆறேகால் என்பது சரியாகப் பதினாறில் ஒரு பங்கு. ஆக, ரூபாய்க்கு ஓரணா! எழுத்தறியாத தொழிலாளியும் மனத்தில் வைத்துக்கொள்ளத்தக்க கணக்கு.

அந்த ஓரணா வளர்ந்தது. 1997 முதல் பெரும்பாலான நிறுவனங்களுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு என்றாயிற்று. ஐம்பது பேர் என்பது இருபது பேராகக் குறைந்தது. 1995 நவம்பரில் ஓய்வூதியத் திட்டம் சேர்ந்தது. முதலாளி தரும் பன்னிரண்டில் 8.33 பங்கு ஓய்வூதியத்திற்கும், 3.67 பங்கு சேமநிதிக்கும் செல்லும். 2020இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோதும், இருவரும் மாதந்தோறும் பங்கிடுவது என்னும் அடிப்படை மாறவில்லை.

தமிழர் உழைக்கச் சென்ற நாடுகளிலும் இதே காலத்தில் இதே எண்ணம் வேரூன்றியது. மலாயாவில் 1951இலும், சிங்கப்பூரில் 1955இலும், இலங்கையில் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் சேமநிதிகள் அமைந்தன. இலங்கைத் திட்டத்தில் தொழிலாளி நூற்றுக்கு 8, முதலாளி 12 செலுத்துகின்றனர். தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளிக்கு வீடும் சொந்தமில்லை, நிலமும் சொந்தமில்லை. அத்தகைய ஒருவர் முதுமையில் 'இது என்னுடையது' என்று சொல்லிக்கொள்ளக்கூடிய பணம் இதுவே.

சடத்துவ விதி

இனி என் பாடத்திற்கு வருகிறேன். புறவிசை ஒன்று தாக்காதவரை, நிற்கும் பொருள் நின்றுகொண்டே இருக்கும். செல்லும் பொருள் சென்றுகொண்டே இருக்கும். முந்தைய பாடநூல்கள் இதைச் சடத்துவம் என்றன. இன்றைய நூல்கள் நிலைமம் என்கின்றன. மனிதர்க்கும் இவ்விதி பொருந்துமோ என்று ஐயுறும்படி ஓர் ஆராய்ச்சி 2001இல் வெளிவந்தது. பிரிஜிட் மேட்ரியன், டென்னிஸ் ஷே என்னும் இருவர் அமெரிக்கப் பெருநிறுவனம் ஒன்றின் கணக்குகளை ஆராய்ந்தனர். முன்பு அங்கே சேமிக்க விரும்புவோர் படிவம் நிரப்பிச் சேர வேண்டும். பின்னர் முறை மாறியது. எல்லாரும் தாமாகவே சேர்க்கப்படுவர். வேண்டாதவர் சொல்லி விலகலாம். நிதியும் பழையதே, பயனும் பழையதே. மாறியது படிவம் மட்டுமே. ஒத்த பணிக்காலம் உடையோருள் முன்பு நூற்றுக்கு 49 பேர் சேர்ந்திருந்தனர். பின்பு 86 பேர்.

இதைக் கண்டு பிரிட்டன் 2008இல் சட்டம் இயற்றி, 2012 அக்டோபர் முதல் தொழிலாளரைத் தானாகவே ஓய்வுச் சேமிப்பில் சேர்க்கத் தொடங்கிற்று. ஒரு மாதத்திற்குள் விலகினால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். ஆயினும் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே விலகினர்.

ஆனால் மேட்ரியனும் ஷேயும் மற்றொன்றையும் கண்டனர். அதைத்தான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். தானாகச் சேர்க்கப்பட்டோர்க்கு நூற்றுக்கு 3 என்று நிறுவனம் ஒரு தொடக்க அளவை வைத்திருந்தது. பெரும்பாலோர் அந்த 3இலேயே தங்கிவிட்டனர். தாமே முடிவு செய்திருந்தால் அவர்களுள் பலர் அதைவிட மிகுதியாகச் சேமித்திருப்பர். சேர வைத்த அதே சடத்துவம் அவர்களை வளராமலும் தடுத்தது.

நம் நாட்டின் 3

நம் நாட்டில் அந்த 3க்கு ஒப்பான எண் ஒன்று உண்டு. அது 1800. 2014 செப்டம்பரில் சேமநிதிக்குரிய சம்பள வரம்பு 6500இலிருந்து 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதில் நூற்றுக்குப் பன்னிரண்டு 1800. வரம்புக்கு மேல் எவ்வளவு சம்பளம் தந்தாலும் 1800 மட்டுமே பிடிக்கும் நிறுவனங்கள் பல. ஊழியரும் அதைக் கேட்பதில்லை. முதலாளியின் 1800இல் 1250 ஓய்வூதியத்திற்குப் போக, 550 நிதிக்கு வரும். ஆகச் சேமநிதியில் மாதம் சேர்வது 2350, ஆண்டுக்கு 28,200 ரூபாய்.

இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 23 வயதில் சேர்ந்து 58 வரை, முப்பத்தைந்து ஆண்டுகள். வட்டி 2024-25இல் இருந்தது போல 8.25 என்றே கொள்வோம். ஆண்டிறுதியில் பணம் கட்டுவதாக எளிமையாக்கினால், முடிவில் ஏறத்தாழ 51 லட்சம் ரூபாய் வரும். கட்டியதோ 10 லட்சத்திற்கும் குறைவு. கேட்க இனிக்கிறது. ஆனால் விலைவாசி ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறுமானால், முப்பத்தைந்து ஆண்டில் பொருள்களின் விலை ஐந்தரை மடங்காகும். அப்போதைய 51 லட்சம் இன்றைய 9 லட்சத்துச் சொச்சமே. ஓய்வூதியமும் அவ்வாறே. சம்பள வரம்பைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுப்பது அதன் சூத்திரம். நெடும்பணிக்கான ஈராண்டுச் சலுகையைக் கூட்டினாலும் மாதம் எட்டாயிரத்தை எட்டாது. இன்றைய மதிப்பில் ஆயிரத்து நானூறு அளவே.

இனி, அதே தொகை ஆண்டுதோறும் 5 விழுக்காடு கூடுவதாகக் கொள்வோம். முடிவில் 91 லட்சம் வரும். இன்றைய மதிப்பில் பதினாறரை லட்சம். சம்பளம் ஏறும்போது சேமிப்பும் ஏறினால் இவ்வளவு வேறுபாடு! நிறுவனம் தன் பங்கை உயர்த்தாவிட்டாலும், ஊழியர் தம் பங்கை விருப்பப்படி உயர்த்திக்கொள்ளத் திட்டத்தில் இடமுண்டு. ரிச்சர்ட் தேலர், ஷ்லோமோ பெனார்ட்சி ஆகியோர் இதையே சோதித்து 2004இல் வெளியிட்டனர். இன்றே உயர்த்துங்கள் என்றால் தயங்கியவர்களிடம், அடுத்த சம்பள உயர்விலிருந்து உயர்த்துகிறோம், இப்போதே ஒப்புதல் தாருங்கள் என்றனர். நூற்றுக்கு 78 பேர் ஒப்பினர். நாற்பது மாதங்களில் அவர்கள் சேமிப்பு 3.5 விழுக்காட்டிலிருந்து 13.6 ஆயிற்று. கைக்கு வராத பணத்தை இழந்ததாக யாரும் வருந்துவதில்லை!

மற்றொரு கணக்கும் போட்டேன். முதல் ஐந்தாண்டில் சேர்வது 1 லட்சத்து 66 ஆயிரம். வேலை மாறும்போது 'சிறு தொகைதானே' என்று எடுத்துவிடத் தோன்றும். எடுக்காமல் விட்டால் 58 வயதில் அது மட்டும் 18 லட்சத்தை நெருங்கும். அஃதாவது, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த முதல் ஐந்தாண்டுப் பணமே. பன்னிரண்டு இலக்க உறுப்பினர் எண் 2014 முதல் நடைமுறையில் இருப்பதால், வேலை மாறினும் கணக்கைத் தொடரலாம்.

பெங்களூர் கற்பித்த பாடம்

அப்படியானால் பணத்தை எடுக்கவே விடாமல் பூட்டிவிடலாமே என்று தோன்றலாம். அரசுக்கும் அவ்வாறே தோன்றியது. முதலாளியின் பங்கை 58 வயதுக்கு முன் எடுக்கலாகாது என்று 2016 பிப்ரவரியில் ஓர் ஆணை வெளியாயிற்று. அதுவரை வேலையிழந்து இரண்டு மாதம் கழிந்தால் முழுத் தொகையையும் எடுக்கலாம் என்றிருந்தது. ஏப்ரல் 18, 19 ஆகிய இரு நாள்களில் பெங்களூரின் ஆயத்த ஆடைத் தொழிலாளர் பல்லாயிரவர் ஆலைகளை விட்டுச் சாலைக்கு வந்தனர். பெரும்பாலோர் பெண்கள். ஓசூர்ச் சாலை ஸ்தம்பித்தது. பேருந்துகள் எரிந்தன, தடியடியும் நடந்தது. 19ஆம் நாளே அரசு ஆணையைத் திரும்பப் பெற்றது.

தருமபுரிப் பக்கத்திலிருந்து பிழைக்கச் சென்ற என் சித்தி அந்நாளில் அங்கே தையல் வேலையில் இருந்தார். பின்னாளில் நான் கூட்டுவட்டிக் கணக்கை விளக்கப் போனபோது அவர் சொன்னார்: "சம்பளம் வாடகைக்கும் மளிகைக்கும் போயிரும் கண்ணு. மொத்தமாக் கைக்கு வர்றது இந்தப் பி.எப். பணம் ஒண்ணுதான். அம்பத்தெட்டுல தர்றோம்னா, அதுவரைக்கும் பொண்ணு படிப்பு நிக்குமா?"

இதற்கு என் கணக்கில் விடை இல்லை. சம்பளம் வாய்க்கும் வயிற்றுக்கும் பற்றாதவர்க்குச் சேமநிதி முதுமைக்கான பணமாக மட்டும் இருக்க முடியாது. பள்ளிக் கட்டணமும் அதுவே, மருத்துவச் செலவும் அதுவே. சேர்ப்பதைச் சட்டம் செய்யலாம். சேர்ந்தது தன்னுடையது என்னும் நம்பிக்கையைச் சட்டத்தால் மட்டும் உண்டாக்க இயலாது. கூலி உயராமல் சேமிப்பை மட்டும் பூட்டினால், பூட்டுத்தான் உடையும்.

அந்தப் பூட்டுக்கே எட்டாதவரும் உளர். மைசூரில் வீட்டிலிருந்தபடி ஊதுவத்தி உருட்டும் பெண்களை எண்ணிப் பாருங்கள். 2015இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டம், பதினெட்டிலிருந்து நாற்பது வயதுக்குள் சேர்வோரின் வங்கிக் கணக்கிலிருந்து தானே பணம் பிடித்து, அறுபதுக்குப் பின் மாதம் ஆயிரத்திலிருந்து ஐயாயிரம் வரை தருகிறது. பணம் தானே கழியும். ஆனால் சேர்வது மட்டும் தானே நடவாது. யாரேனும் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

கையெழுத்திடும் முன்

நம் நிலை அவர்களினும் மேலானது. முதல் வேலையிலேயே வரம்புக்கு மேல் அடிப்படைச் சம்பளம் பெறுவோர், முன்பு உறுப்பினராக இல்லாதிருந்தால், சேமநிதி வேண்டாம் என்று ஒதுங்கவும் வழியுண்டு. கைக்கு வரும் சம்பளம் சற்றுக் கூடும் என்று சிலர் ஒதுங்குவர். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றே. நான் சேர்க்கப்பட்டிருக்கிறேனா? பிடித்தம் என் முழு அடிப்படைச் சம்பளத்திலா, வரம்பின்மேல் மட்டுமா? சம்பளம் உயரும்போது என் பங்கும் உயர இப்போதே எழுதித் தரலாமா?

இம்மூன்றையும் கேட்கப் பத்து நிமிடம் போதும். சிறு துளி பெருவெள்ளம் என்பது உண்மைதான். ஆனால் துளியின் அளவு முப்பத்தைந்து ஆண்டும் மாறாதிருந்தால், விலைவாசி என்னும் வெயில் வெள்ளத்தைக் குடித்துவிடும். 1952இல் ஓரணாவைத் தொடங்கி வைத்தது சட்டம். அதை வளர்க்கும் கடமை நம்முடையது.