பழைய தொட்டிக்கு ஆஸ்கர் வருமுன்

கடையில் பாலித்தீன் பைக்குள் கட்டைவிரல் நீளத்தில் சுற்றிவரும் ஆஸ்கர் மீன் குஞ்சைப் பார்த்துத் தொட்டி வாங்காதீர்கள். நல்ல தீனி கிடைத்தால் ஒரே வருடத்தில் அது 20 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். முழு வளர்ச்சியில் 30 சென்டிமீட்டர். அதற்கு நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியாவது வேண்டும். நீளத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அகலத்தை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஓரடி அகலத் தொட்டியில் வளர்ந்த ஆஸ்கர் முதுகை வளைத்துத்தான் திரும்ப முடியும். இந்த அளவில் புதிதாகச் செய்யச் சொன்னால் விலை கையைக் கடிக்கும் என்பதால் பழையதைத் தேடுவதில் தப்பில்லை. பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். கையில் ஒரு ஸ்கேல் இருக்கட்டும். கண்ணாடியின் தடிமன் 10 மி.மீ. இருந்தால் நிம்மதி. 6 மி.மீ. என்றால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் திரும்பி வந்துவிடலாம். நடுவில் உள்ள கீறல்கள் அழகைத்தான் கெடுக்கும். மூலையிலிருந்து கிளம்பும் விரிசலும் விளிம்பில் பெயர்ந்த சில்லும் தொட்டியையே உடைக்கும். மேல் விளிம்பில் ஒட்டியிருக்கும் குறுக்குப் பட்டைகள் முழுதாக இருக்கின்றனவா என்று பாருங்கள். முன்கண்ணாடி வெளியே பிதுங்காமல் பிடித்துவைப்பது அவைதான். பிறகு இணைப்புகளில் உள்ள சிலிக்கானை நகத்தால் அழுத்துங்கள். ரப்பர் மாதிரி மீண்டு வந்தால் நல்லது. வெளுத்து, ஓரம் தூக்கிக்கொண்டிருந்தால் வேலை இருக்கிறது. கடைசியாக என்ன மீன் இருந்தது, எப்படிச் செத்தது என்றும் தயங்காமல் கேளுங்கள். தூத்துக்குடி கடல் பக்கத்திலேயே இருக்கிற ஊர் என்பதால் கடல்நீர் ஊற்றிப் பார்த்த தொட்டிகளும் விற்பனைக்கு வரும். விளிம்பில் படிந்த உப்புப் பூ அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கண்ணாடிக்குக் கேடில்லை. கூடவே தருகிற இரும்பு ஸ்டாண்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தத் தொட்டி 9 கன அடி, அதாவது சுமார் 255 லிட்டர். தண்ணீர் மட்டுமே 255 கிலோ. கண்ணாடி ஏறத்தாழ 50 கிலோ. மணலையும் சேர்த்தால் 330 கிலோவைத் தாண்டும். இதைத் துருப்பிடித்த வெல்டிங்கின் மேல் ஏற்றக் கூடாது. உப்புக்காற்று அடிக்கிற ஊரில் பெயின்ட் அடித்த இரும்புகூட உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும். சிமென்ட் பிளாக் அடுக்கி, மேலே கடப்பாக்கல் பலகை போடுவது என் விருப்பம். ரசமட்டம் வைத்துச் சரிபார்த்துவிட்டு, அரை அங்குலத் தெர்மகோல் விரித்து அதன்மேல் தொட்டியை வையுங்கள். மாடியில் வைப்பதானால் சுவரோரமாக, உத்திரத்துக்கு மேலாக இருக்கட்டும். வெயில் விழும் ஜன்னலோரம் வேண்டாம்.

கழுவுவதற்குச் சோப்பும் டெட்டாலும் ஆகாது. சிலிக்கானில் ஊறி நின்றுவிடும். வெள்ளைக் கறைக்கு வினிகரில் நனைத்த துணியைப் போட்டு அரைமணி நேரம் விட்டு, பழைய ப்ளேடால் சுரண்டினால் போதும். நோயில் மீன் செத்த தொட்டி என்றால் ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஒருநாள் ஊறவைத்து, வாடை போகும்வரை கழுவி, இரண்டு நாள் நன்றாகக் காயவிடுங்கள்.

சிலிக்கான் கெட்டிருந்தால் பழையதன் மேலேயே புதியதைப் பூசுவது வீண்வேலை. காய்ந்த சிலிக்கானில் புதியது ஒட்டாது. உள்மூலைகளில் இருப்பதை முழுக்கச் சுரண்டி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத, மீன்தொட்டிக்கென்றே விற்கும் சிலிக்கானைப் பூசுங்கள். பூசும்போது வினிகர் வாடை வரும், வரட்டும். அது காற்றிலுள்ள ஈரத்தால்தான் இறுகுகிறது என்பதால் நம் ஊர்ப் புழுக்கம் இங்கே உதவிதான். ஆனாலும் ஒரு வாரம் தொடாதீர்கள். இரண்டு கண்ணாடிகளுக்கு இடையிலுள்ள ஒட்டே விட்டுப்போயிருந்தால் கண்ணாடிக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். அது வீட்டில் செய்கிற வேலையில்லை.

கசிவுச் சோதனையை வீட்டுக்கு வெளியே, சமதளத்தில் வையுங்கள். முதலில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, சில மணி நேரம் பொறுத்து அடுத்த பங்கு. அடியில் செய்தித்தாள் விரித்தால் சொட்டு விழுந்ததும் தெரியும். நிரம்பியதும் மட்டத்தை மார்க்கரால் கோடிட்டு இரண்டு நாள் விடுங்கள். இங்கே காற்றும் வெயிலும் உறிஞ்சுவதே கணிசமாக இருக்கும். கசிவு என்று பயந்துவிடுவீர்கள். பக்கத்திலேயே ஒரு வாளித் தண்ணீருக்கும் கோடு போட்டு வைத்தால், இரண்டிலும் எவ்வளவு இறங்கியது என்று ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இனித் தண்ணீர். தூத்துக்குடியில் நல்ல தண்ணீர் என்றால் வல்லநாட்டிலிருந்து வரும் தாமிரபரணி. போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பும் சுண்ணாம்பும்தான். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். டிரம்மில் பிடித்து ஏர் பம்ப் ஓடவிட்டு ஒருநாள் வைத்தால் போய்விடும். அவசரத்துக்குக் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் இருக்கிறது. போர் தண்ணீரைத் தவிர வேறு வழியில்லாதவர்கள் அதன் பி.எச். அளவைப் பார்த்துவிடுங்கள். ஆஸ்கர் 8 வரை தாங்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பெரிய மீன் நிறையத் தின்னும், நிறையக் கழியும். கழிவிலிருந்து அம்மோனியா வரும். தண்ணீரின் காரத்தன்மையும் சூடும் ஏற ஏற, அந்த அம்மோனியாவில் செவுளைத் தாக்கும் பகுதியும் ஏறும். 30 டிகிரியில், பி.எச். 7 இருக்கும் தண்ணீரைவிட 8.2 இருக்கும் தண்ணீரில் அந்த நச்சு பத்து மடங்குக்கும் அதிகம்.

அதனால்தான் அலங்காரத்தில் நான் கறாராக இருக்கிறேன். முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நின்றுபோனாலும் சிப்பி ஓடும் சங்கும் முருகைக்கல்லும் இங்கே எந்த வீட்டுப் பரணிலும் கிடக்கும். தொட்டி வந்துவிட்டது என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் அள்ளிக்கொண்டு வருவார்கள். முத்தோ சிப்பியோ பவளமோ, எல்லாமே சுண்ணாம்புதான். தண்ணீரில் மெல்லக் கரைந்து பி.எச். அளவை ஏற்றிக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, பவளம் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கரையொதுங்கிய பவளம்தானே என்று எடுத்து வைத்தாலும் குற்றம்தான். கடற்கரை மணலும் வேண்டாம். அதில் பாதி உப்பு, மீதி சிப்பித்தூள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆற்று மணலோ கருங்கல் ஜல்லியோ போதும். சந்தேகமான கல்லின் மேல் இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் வெளியே போடுங்கள். ஆஸ்கர் கல்லைப் புரட்டும், செடியைப் பிடுங்கும். காலித் தொட்டிதான் அதற்குப் பிடிக்கும் என்றுகூடத் தோன்றும்.

ஃபில்டர் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் லிட்டருக்குக் குறையாமல் சுற்ற வேண்டும். ஹீட்டர் இந்த ஊருக்குத் தேவையில்லை. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும் என்பதால் ஏர் பம்ப் கட்டாயம், கரண்ட் போனால் ஓடுகிற பேட்டரி பம்ப்பும் கட்டாயம். அனல்மின் நிலையம் உள்ள ஊர் என்று மெத்தனமாக இருந்துவிடாதீர்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கினாலும் மீனை விட இன்னும் 4 முதல் 6 வாரம் ஆகும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற வேண்டும். தினம் ஒரு சிட்டிகை மீன்தீனி போட்டு வாருங்கள். அது அழுகித்தான் பாக்டீரியாவுக்கு இரை. நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பரின் ஃபில்டர் ஸ்பான்ஜ் ஒன்றைக் கேட்டு வாங்கிப் போட்டால் நாள் குறையும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டி, நைட்ரேட் ஏறியிருந்தால் தொட்டி தயார். பிறகு நைட்ரைட் தலைகாட்டினால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில், அயோடின் சேர்க்காத உப்பளத்துக் கல்லுப்பும் போடலாம். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே ஏறுவதைத் தடுக்கும்.

மீனைப் பையோடு 20 நிமிடம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் சேர்த்து, மீனை மட்டும் விடுங்கள். பைத் தண்ணீர் சாக்கடைக்குப் போகட்டும். தொட்டியைக் கனமான மூடியால் மூடுங்கள், ஆஸ்கர் துள்ளும். வாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுவது வழக்கமாகட்டும். வளர்க்க முடியாமல் போனால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். உப்பாற்று ஓடையிலோ குளத்திலோ விடாதீர்கள். 'டேங்க் கிளீனர்' என்று வாங்கி வந்து இப்படி விட்ட கெளுத்திகள் தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகி, இன்று வலையைக் கிழித்துக்கொண்டிருக்கின்றன.